பங்கின் விலையும் மெய்ம்மதிப்பும்



வந்தவாசிக்கு அருகிலோ திண்டிவனத்தை அடுத்தோ ஒரு காணி நிலம் விலைக்கு வருகிறதென்றால், நயினார் வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னென்ன செய்வார் என்பதை இந்த அவைக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தாய்ப்பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் படிப்பார். பட்டா யார் பெயரில் உள்ளது, வில்லங்கச் சான்றில் அடமானம் ஏதேனும் பதிவாகியிருக்கிறதா, பங்காளிகள் அனைவரும் கையொப்பமிட இசைவார்களா என்று விசாரிப்பார். பிறகு நிலத்திற்கே நடந்து சென்று பார்ப்பார். சித்திரை வெயிலில் கிணற்றில் எத்தனை அடி நீர் நிற்கும், மண் நெல்லுக்கு ஏற்றதா மணிலாவுக்கு ஏற்றதா, டிராக்டர் இறங்க வழி உண்டா, மழைநீர் எந்தப் பக்கம் வடியும் என்பதையெல்லாம் கண்ணால் கண்டு தெளிவார். கடைசியாக, வரப்புக்கு அப்பால் வேலை செய்துகொண்டிருப்பவரிடம் பேச்சுக் கொடுத்து, விற்பவர் ஏன் விற்கிறார் என்பதையும் அறிந்துகொள்வார். இத்தனைக்கும் பிறகுதான் விலைப்பேச்சு தொடங்கும்.

அதே வீட்டில், அதே அளவு பணம் பங்குச்சந்தைக்குச் செல்லும்போது நடப்பது முற்றிலும் வேறு. இன்ன பங்கு மூன்றே மாதத்தில் இரட்டிப்பாகும் என்று கைப்பேசியில் ஒரு செய்தி வருகிறது. இரண்டு நிமிடங்களில் பங்கு வாங்கப்பட்டுவிடுகிறது. அந்த நிறுவனம் எந்த ஊரில் எதைச் செய்து யாருக்கு விற்கிறது என்பதுகூட வாங்கியவருக்குத் தெரிவதில்லை. நிலத்தின் முன் அவ்வளவு விழிப்பாக இருந்த கண் இங்கே மூடிக்கொள்வதற்குக் காரணம் உண்டு. திரையில் விலை மட்டுமே தெரிகிறது, வயல் தெரிவதில்லை.

இது ஒரு சிலருடைய கவலையாக இன்று நிற்கவில்லை. 2020 மார்ச்சு இறுதியில் நாட்டில் ஏறத்தாழ 4 கோடியாக இருந்த டீமேட் கணக்குகள், 2024 மார்ச்சு இறுதியில் 15 கோடியைத் தாண்டிவிட்டன. ஊரிலிருந்த நிலத்தை விற்ற பணமும், பணி ஓய்வில் வந்த பணமும், மகளின் திருமணத்திற்கென்று ஒதுக்கிய பணமும் அந்தக் கணக்குகளுக்குள் வந்திருக்கின்றன. எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர வணிகத்தைப் பற்றிச் செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் அவ்வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களுள் 93 விழுக்காட்டினர் நட்டமே கண்டனர் என்றும், அவர்கள் இழந்த மொத்தத் தொகை 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் என்றும் அது கூறுகிறது. அது முதலீடே அன்று. ஆகவே அதை இத்துடன் விட்டுவிடலாம். இங்கே பேசப்படுவது, ஒரு பங்கை வாங்கிப் பல ஆண்டுகள் வைத்திருக்க எண்ணும் குடும்பம், அதன் மெய்யான மதிப்பை எவ்வாறு கண்டறிவது என்பது. இதற்கு அடிப்படைப் பகுப்பாய்வு என்று பெயர்.

பங்கு என்பது ஒரு தொழிலில் உள்ள உடைமை. ஒரு நிறுவனத்தில் ஒரு கோடி பங்குகள் இருந்தால், ஒரு பங்கை வைத்திருப்பவர் அத்தொழிலின் ஒரு கோடியில் ஒரு கூற்றுக்கு உரியவர். சந்தை விலை என்பது, இந்த நொடியில் விற்க விரும்பிய ஒருவரும் வாங்க விரும்பிய ஒருவரும் ஒத்துக்கொண்ட தொகை. அவசரம், அச்சம், ஆசை, வதந்தி அத்தனையும் அதற்குள் அடங்கும். மதிப்பு என்பதோ, அந்தத் தொழில் தன் வாழ்நாளில் உடைமையாளர்களுக்குத் தரக்கூடிய பணத்தின் இன்றைய அளவு. இரண்டும் சில நாள் ஒன்றாக இருக்கும். பல நாள் வெவ்வேறாகவே இருக்கும்.

இந்தக் கலைக்கு முறையான வடிவம் தந்தவர் பெஞ்சமின் கிரகாம். நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய அவர், டேவிட் டாட் என்பவருடன் இணைந்து 1934இல் ‘செக்யூரிட்டி அனாலிசிஸ்’ என்னும் பெருநூலை வெளியிட்டார். அந்த நூலைக் காட்டிலும், அதற்கு எட்டாண்டுகள் முன்னர் அவர் செய்த ஒரு செயலே இந்த அவைக்குப் பொருத்தமானது.

1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பினால் ஸ்டாண்டர்டு ஆயில் என்னும் மாபெரும் எண்ணெய் நிறுவனம் 34 நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் எட்டு, எண்ணெயைக் குழாய்வழி கொண்டுசெல்லும் சிறு நிறுவனங்கள். அவை தம் பங்குதாரர்களுக்கு மிகச் சுருக்கமான கணக்கையே தந்துவந்தன. சந்தையிலும் அவற்றை யாரும் பொருட்படுத்தவில்லை. 1926இல் கிரகாம் வேறொரு பணிக்காக அரசு ஆணையம் ஒன்றின் அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, குழாய்வழி நிறுவனங்கள் அந்த ஆணையத்திற்கு விரிவான ஆண்டுக் கணக்கை அளித்து வருகின்றன என்பதைக் கண்டார். உடனே ரயிலேறி வாஷிங்டன் சென்றார். ஆணையத்தின் அலுவலகத்தில் அந்தக் கோப்புகளைக் கேட்டு வாங்கிப் படித்தார்.

நார்தர்ன் பைப்லைன் என்னும் நிறுவனத்தின் பங்கு அப்போது 65 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தது. ஆண்டுக்கு 6 டாலர் ஈவுத்தொகை தந்துவந்தது. கோப்பைத் திறந்து பார்த்தால், பங்கு ஒன்றுக்குச் சுமார் 95 டாலர் பெறுமானமுள்ள ரயில்வே கடன்பத்திரங்களும் பிற ரொக்க இனங்களும் அந்நிறுவனத்திடம் சும்மா கிடந்தன. தொழிலை நடத்த அவை தேவைப்படவேயில்லை. நிலத்தின் மொழியில் சொல்வதானால், வயலின் விலை 65, அந்த வயலின் நடுவே பூட்டிக் கிடக்கும் பெட்டியில் 95, விளைச்சல் தனி.

நிறுவனத்தின் 40,000 பங்குகளில் 2,000 பங்குகளைக் கிரகாம் வாங்கிச் சேர்த்தார். உபரிப் பணத்தை உடைமையாளர்களுக்கே பிரித்துக் கொடுங்கள் என்று நிர்வாகத்திடம் கேட்டார், மறுத்தார்கள். 1927 சனவரியில் பென்சில்வேனியாவின் ஆயில் சிட்டி என்னும் ஊரில் நடந்த ஆண்டுக் கூட்டத்திற்குத் தனியொருவராகச் சென்றார். அவருடைய தீர்மானத்தை வழிமொழிய ஆளில்லை என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு, மற்றப் பங்குதாரர்களின் ஒப்புதல் கடிதங்களைத் திரட்டிக்கொண்டு மீண்டும் சென்றார். இயக்குநர் குழுவில் இரண்டு இடங்களைப் பெற்றார். அதன்பின் நிறுவனம் பங்கு ஒன்றுக்கு 70 டாலர் பணத்தைப் பிரித்துக் கொடுத்தது. 65க்கு வாங்கியவர்கள் 70ஐக் கையில் பெற்றதோடு, தொழிலில் தங்கள் உடைமையையும் இழக்கவில்லை.

அந்தக் கோப்பு மறைத்து வைக்கப்பட்டிருக்கவில்லை என்பதே இதில் கருதத்தக்கது. கேட்டவர் எவருக்கும் அது கிடைத்திருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று கிடைப்பதுபோல. இன்று இந்திய நிறுவனங்களின் ஆண்டறிக்கை, காலாண்டு முடிவுகள், பங்குதாரர் விவரப் பட்டியல் அனைத்தும் பங்குச்சந்தைகளின் இணையதளங்களில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. வாஷிங்டனுக்கு ரயிலேற வேண்டியதில்லை. இருந்தும் திறந்து பார்ப்பவர் சிலரே.

மதிப்பைக் கணக்கிடும் வழியை ஒரு சிறு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு நிலம் செலவெல்லாம் போக ஆண்டுக்கு 60,000 ரூபாய் தருகிறது என்று கொள்ளலாம். வங்கி வைப்பில் 7 விழுக்காடு கிடைக்குமானால், அதே 60,000 ரூபாயை வட்டியாகப் பெற ஏறத்தாழ 8 லட்சத்து 57 ஆயிரம் ரூபாயை வைப்பில் இட வேண்டும். விளைச்சலை மட்டும் கருதினால் நிலத்தின் மதிப்பு அதுதான். அந்த நிலத்திற்கு 40 லட்சம் கேட்கிறார்கள் என்றால், வாங்குபவர் விளைச்சலுக்காக வாங்கவில்லை. நாளை மனைப்பிரிவாகும், சாலை வரும், வேறொருவர் இன்னும் கூடுதலாகக் கொடுப்பார் என்பதற்காக வாங்குகிறார். அது சில வேளை பலிக்கும். ஆனால் அது வேறு கணக்கு, வேறு ஆபத்து என்பதையாவது அவர் அறிந்திருக்க வேண்டும். இன்று வடதமிழகத்தின் பல ஊர்களில் நிலம் கைமாறுவது இந்த இரண்டாம் கணக்கில்தான் என்பதையும் மறுப்பதற்கில்லை.

பங்குக்கும் இதே கணக்கைப் போடலாம். ஒரு நிறுவனம், எந்திரங்களைப் புதுப்பிக்கும் செலவும் வரியும் வட்டியும் போக, பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 20 ரூபாயை உடைமையாளர்களுக்காக மிச்சப்படுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். தொழிலில் உள்ள ஆபத்துக்கு ஈடாக, வங்கி வட்டியைவிடக் கூடுதலாக 10 விழுக்காடு வருவாயை முதலீட்டாளர் எதிர்பார்க்கிறார். அந்த 20 ரூபாய் என்றும் வளராது என்றால் பங்கின் மதிப்பு 200 ரூபாய். ஆண்டுதோறும் 5 விழுக்காடு வளரும் என்றால் 420 ரூபாய். 7 விழுக்காடு வளரும் என்றால் 713 ரூபாய். வளர்ச்சி பற்றிய ஊகத்தை 5இலிருந்து 7ஆக மாற்றியதற்கே மதிப்பு 293 ரூபாய் கூடிவிட்டது. தொழிலில் எதுவும் மாறவில்லை. கணக்குப் போட்டவரின் நம்பிக்கை மட்டுமே மாறியது.

ஆகவே இந்தப் பங்கின் மெய்ம்மதிப்பு 713 ரூபாய் 33 காசு என்று காசுச் சுத்தமாகச் சொல்பவரை ஐயத்துடனேயே கேட்க வேண்டும். நேர்மையாகக் கணக்கிடுபவர், 350க்கும் 450க்கும் இடையில் என்பது போன்ற ஓர் எல்லையைத்தான் சொல்ல முடியும். அந்த எல்லையின் கீழ்முனைக்கும் கீழே, 250க்கோ 270க்கோ கிடைக்கும்போது வாங்குவதே கிரகாம் வற்புறுத்திய நெறி. கணிப்பில் நேரும் பிழையைத் தாங்குவதற்காக விடப்படும் இந்த இடைவெளியை அவர் பாதுகாப்பு விளிம்பு என்னும் பொருள்பட அழைத்தார். கிரகாம் 1929ஆம் ஆண்டு வீழ்ச்சிக்குப் பின் தாமே பெருநட்டம் கண்டவர். அந்தத் தழும்புகளோடு எழுதியதனால்தான் அவர் எழுத்தில் அடக்கம் இருக்கிறது.

நல்ல நிறுவனமாயிற்றே, என்ன விலை கொடுத்தால் என்ன என்ற எண்ணத்திற்கு மைக்ரோசாஃப்ட் விடை சொல்லும். 1999 டிசம்பர் இறுதியில் அப்பங்கு எட்டிய உச்ச விலையை அது மீண்டும் தாண்டியது 2016 அக்டோபரில்தான். இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளும் அந்நிறுவனம் நன்றாகவே சம்பாதித்தது. தொழிலில் குறையில்லை, கொடுத்த விலையில்தான் குறை.

கணக்குகளைத் திறப்பதற்கு முன், இந்த அவையிலுள்ள குடும்பங்களுக்குரிய கேள்வி ஒன்று உண்டு. நிறுவனம் செய்யும் தொழில் என்ன? இறைச்சியும் தோலும் மதுவும் விற்கும் ஒரு நிறுவனத்தின் பங்கு எத்தனை மலிவாகக் கிடைத்தாலும், கொல்லாமையை விரதமாக ஏற்ற குடும்பம் அதில் உடைமை கொள்ளலாமா என்பதை எந்தக் கணக்கும் தீர்க்காது. ஏற்ற விரதமே தீர்த்துவிடும். ஆனால் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது. பல தொழில்கள் நடத்தும் நிறுவனங்கள், எந்தத் தொழிலிலிருந்து எவ்வளவு வருவாய் என்பதை ஆண்டறிக்கையின் பின்பகுதியில் பிரிவுவாரியாகக் காட்டுகின்றன. அந்தப் பக்கத்தைப் படித்தவருக்கே தாம் எதற்கு உடைமையாளர் என்பது தெரியும்.

ஆண்டறிக்கையில் மூன்று கணக்குகள் உள்ளன. இலாப நட்டக் கணக்கு ஆண்டின் விளைச்சலைச் சொல்கிறது. இருப்புநிலைக் குறிப்பு, உடைமையும் கடனும் எவ்வளவு என்கிறது. பணப்பாய்வு அறிக்கை, பணம் உண்மையில் கைக்கு வந்ததா என்கிறது. பலர் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாவதே மிகுதியும் பயனுள்ளது.

அறுவடையான நூறு மூட்டை நெல்லை அரிசி ஆலைக்காரருக்குக் கடனாக அனுப்பிய குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். நோட்டில் வரவு எழுதியாயிற்று, இலாபமும் காட்டியாயிற்று. தைப் பொங்கலுக்கும் பணம் வரவில்லை, ஆடி முடிந்தும் வரவில்லை. அடுத்த போகத்திற்கு உரம் வாங்கக் கடன் வாங்குகிறார்கள். நோட்டின்படி அது இலாபம் ஈட்டும் குடும்பம். நடப்பில் கடன்படும் குடும்பம். நிறுவனங்களிலும் இது நிகழ்கிறது. ஓராண்டு இலாபமும் பணவரவும் மாறுபடுவது இயல்பே. ஐந்தாண்டு இலாபத்தைக் கூட்டி, அதே ஐந்தாண்டில் தொழிலிலிருந்து வந்த பணத்தையும் கூட்டி, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பணம் இலாபத்தைவிட மிகவும் பின்தங்கியிருந்தால், வரவேண்டிய கடன்களும் சரக்கிருப்பும் ஆண்டுதோறும் பெருத்துக்கொண்டே போனால், அந்த இலாபத்தை அப்படியே நம்பக் கூடாது.

விலை வருவாய் விகிதம் என்னும் பி.இ. எண்ணைப் பற்றி ஒரு சொல். 20 என்று இருந்தால், ஆண்டு இலாபத்தைப் போல் இருபது மடங்கு விலை. அதாவது விலையில் 5 விழுக்காடுதான் இலாபம். குறைந்த பி.இ. என்றால் மலிவு என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. சர்க்கரை, எஃகு போன்று ஏற்ற இறக்கமுள்ள தொழில்களில் இந்த விதி தலைகீழாகும். இலாபம் உச்சியில் இருக்கும்போதுதான் பி.இ. மிகக் குறைவாகத் தெரியும். அதன்பின் இலாபம் இறங்கும். நல்ல மழை பெய்த ஓராண்டின் விளைச்சலை வைத்து நிலத்துக்கு விலை பேசுவதற்கு நிகரானது இது.

இதுவரை சொல்லியவை அனைத்தும் ஓர் அடித்தளத்தின் மேல் நிற்கின்றன: எழுதப்பட்ட கணக்கு உண்மையானது என்பது. அந்தத் தளம் இல்லாதபோது என்ன நேரும் என்பதற்கு ஐதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனம் சான்று.

ஐம்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் பணியாற்றிய மென்பொருள் நிறுவனம் அது. நியூயார்க் பங்குச்சந்தையிலும் அதன் பங்கு விற்பனையானது. நல்ல நிர்வாகத்திற்கென்று 2008 செப்டம்பரில் விருதும் பெற்றது. 2009 சனவரி 7ஆம் நாள், அதன் தலைவர் இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதம் வெளியாயிற்று. 2008 செப்டம்பர் 30ஆம் தேதிய இருப்புநிலைக் குறிப்பில் ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய் என்று காட்டப்பட்டிருந்தது. அதில் 5,040 கோடி இல்லவே இல்லை. இல்லாத பணத்திற்கு வரவேண்டிய வட்டி என்று 376 கோடி எழுதப்பட்டிருந்தது, அதுவும் இல்லை. 1,230 கோடி ரூபாய்க் கடன் கணக்கில் காட்டப்படவில்லை. அந்தக் காலாண்டின் வருவாய் 2,700 கோடி என்று அறிவிக்கப்பட்டது. உண்மையில் 2,112 கோடி. செயல்பாட்டு இலாபம் 649 கோடி, அதாவது வருவாயில் 24 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டது; உண்மையில் 61 கோடி, வெறும் 3 விழுக்காடு. அன்று ஒரே நாளில் அப்பங்கு ஏறத்தாழ 78 விழுக்காடு வீழ்ந்து, முதல் நாள் 179 ரூபாயாக இருந்தது சுமார் 40 ரூபாய்க்கு வந்து நின்றது.

இதற்கு அடிப்படைப் பகுப்பாய்வு என்ன செய்யும் என்ற கேள்வி நியாயமானது. ஆண்டறிக்கையை எத்தனை முறை படித்தாலும், போலியான வங்கி ரசீதை வீட்டில் இருந்தபடியே கண்டுபிடிக்க முடியாது. தணிக்கையாளரே அதைத் தடுக்கவில்லை. அறிவிக்கப்பட்ட எண்களை வைத்து மதிப்பைக் கணக்கிட்டவருக்கு அந்தப் பங்கு மலிவாகக்கூடத் தோன்றியிருக்கும். எண்களுக்கு அப்பால் செல்லாத பகுப்பாய்வு இங்கே தோற்றது என்பதே உண்மை.

ஆனால் விற்பவர் ஏன் விற்கிறார் என்று வரப்போரத்தில் கேட்ட அந்தப் பெரியவரின் கண்ணுக்குச் சில செய்திகள் புலப்பட்டிருக்கும். 2001 வாக்கில் நிறுவனத்தின் பங்குகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பகுதியை வைத்திருந்த நிறுவனர் குடும்பத்தின் கையில், 2008இல் 9 விழுக்காட்டுக்கும் குறைவாகவே எஞ்சியிருந்தது. இவ்வளவு நன்றாக விளையும் வயலை அதன் சொந்தக்காரரே ஆண்டுதோறும் ஏன் கூறுபோட்டு விற்கிறார்? 2008 டிசம்பர் 16 அன்று, அதே குடும்பத்தாரின் மேட்டாஸ் என்னும் நில, கட்டுமான நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்கச் சத்யத்தின் இயக்குநர் குழு இசைந்தது. மென்பொருள் எழுதும் நிறுவனத்திற்கு மனைகள் எதற்கு? சத்யம் என்னும் ஆங்கில எழுத்துகளைப் பின்னிருந்து படித்தால் மேட்டாஸ் என்று வரும். முதலீட்டாளர்கள் கொதித்தெழவே, சில மணி நேரங்களில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. இல்லாத பணத்திற்குப் பதிலாக மெய்யான நிலத்தைக் கணக்கில் கொண்டுவரும் கடைசி முயற்சி அது என்பது கடிதம் வந்த பிறகே தெளிந்தது. எஞ்சியிருந்த குடும்பப் பங்குகளும் கடன் கொடுத்தவர்களிடம் அடகில் இருந்தன என்ற செய்தியும் அந்த நாள்களிலேயே வெளிவந்தது. டிசம்பர் 16க்கும் சனவரி 7க்கும் இடையில் மூன்று வாரங்கள் இருந்தன. வயலைப் பற்றித் தெரியாவிட்டாலும் உழவரின் நடத்தையைப் பார்த்து விலகிக்கொள்ள அந்த மூன்று வாரங்கள் போதும்.

அதே சனவரி மாதத்தில், நிறுவனர்கள் தம் பங்குகளை அடகு வைத்தால் அதைக் கட்டாயம் வெளியிட வேண்டும் என்று செபி விதி செய்தது. இன்று எந்தப் பட்டியலிட்ட நிறுவனமும் ஒவ்வொரு காலாண்டு முடிந்த 21 நாள்களுக்குள் பங்குதாரர் விவரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். நிறுவனர் கையில் எத்தனை விழுக்காடு, அதில் அடகு எத்தனை விழுக்காடு என்பது அதில் இருக்கும். பங்குச்சந்தையின் வில்லங்கச் சான்று என்று அதைச் சொல்லலாம். அதோடு சேர்த்து ஆண்டறிக்கையின் குறிப்புகளில், நிறுவனர் குடும்பத்தாரின் பிற நிறுவனங்களோடு நடந்த கொடுக்கல் வாங்கல்களையும், தணிக்கையாளர் இடையில் விலகியிருந்தால் அதற்குச் சொன்ன காரணத்தையும் படிக்க வேண்டும். இவற்றைப் படிக்கக் கணக்கியல் பட்டம் வேண்டியதில்லை. சொல்லப்போனால், கடைக்கணக்கு எழுதிப் பழகிய தாய்மார்கள் இதைச் சந்தை வல்லுநர்களைவிட விரைவாகப் பிடித்துவிடுவார்கள்.

எல்லாம் பார்த்தும் ஏமாற இடம் உண்டு. அதனால்தான் ஒரே பங்கில் குடும்பத்தின் பெரும்பணத்தை முடக்குவது தகாது. அடுத்த ஐந்தாண்டுகளுக்குள் தேவைப்படும் கல்விக்கோ திருமணத்திற்கோ உரிய பணம் பங்குகளில் இருக்கவே கூடாது. மதிப்பு எத்தனை சரியாகக் கணிக்கப்பட்டாலும் விலை அதனிடம் எப்போது வந்து சேரும் என்பதைக் கணிக்கும் கலை எதுவும் இல்லை. பணம் தேவைப்படும் நாளில் சந்தை வீழ்ந்துகிடந்தால், சரியான கணக்கும் உதவாது.

சத்யத்தின் கதை அந்தக் கடிதத்தோடு முடியவில்லை. மதிப்பு என்பது என்ன என்று கேட்பவர்கள் அதன் பிற்பகுதியையே அதிகம் படிக்க வேண்டும். நடுவண் அரசு பழைய இயக்குநர் குழுவை நீக்கிப் புதிய குழுவை அமர்த்தியது. அக்குழு நிறுவனத்தை ஏலத்தில் விற்க முன்வந்தது. நம்பத்தக்க கணக்கு என்று ஒரு தாளும் அப்போது இல்லை. திருத்திய கணக்குகள் 2010 செப்டம்பரில்தான் வெளிவந்தன. அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்குகளில் எவ்வளவு இழப்பீடு கொடுக்க நேரும் என்பதும் தெரியாது. ஏலம் கேட்க வந்தவர்கள் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் நிலைத்திருக்கிறார்கள், பொறியாளர்கள் எத்தனை பேர் இன்னும் வேலைக்கு வருகிறார்கள், அவர்களுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, ஒப்பந்தங்களிலிருந்து உண்மையில் வரும் பணம் எவ்வளவு என்று வயலில் இறங்கித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

2009 ஏப்ரல் 13 அன்று உறைகள் திறக்கப்பட்டன. டபிள்யூ.எல். ராஸ் என்னும் அமெரிக்க முதலீட்டாளரின் நிறுவனம் பங்கு ஒன்றுக்கு 20 ரூபாய் கேட்டிருந்தது. லார்சன் அண்ட் டூப்ரோ 45 ரூபாய் 90 காசு கேட்டிருந்தது. டெக் மகிந்திரா 58 ரூபாய் கேட்டு நிறுவனத்தைப் பெற்றது. மூவரும் தேர்ந்தவர்கள், மூவரும் பார்த்தது ஒரே நிறுவனத்தை, ஒரே வாரங்களில். 2013 ஜூனில் அந்த நிறுவனம் டெக் மகிந்திராவோடு இணைக்கப்பட்டபோது, 17 பங்குகளுக்கு டெக் மகிந்திராவின் 2 பங்குகள் என்ற விகிதத்தில் பழைய பங்குதாரர்களின் கணக்குகளில் வரவு வைக்கப்பட்டது.